42-ஆம் நாளுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?

புதன்கிழமை காலை, ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஊசி வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். "நாற்பத்தோரு நாள்தான் ஆகுது, அடுத்த வாரம் வாங்கம்மா." "ஒரு நாள்தானே சிஸ்டர், பஸ் ஏறி வந்துட்டோம்." பிறந்து 6 வாரம், அதாவது 42 நாள் ஆனால்தான் முதல் தவணை என்று செவிலியர் அசைய மாட்டார். அதே வரிசையில் நாலு மாதம் தள்ளி வந்த குழந்தை ஒன்று நிற்கும். இரண்டு வார்த்தை திட்டு விழும், ஆனால் ஊசி உடனே போடப்படும். ஒரு நாள் முன்னால் வந்தவருக்குக் கிடையாது, நாலு மாதம் பின்னால் வந்தவருக்கு உண்டு. பார்க்கிறவருக்கு இது அநியாயமாகத்தான் தெரியும். தடுப்பூசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த இரண்டு முடிவுக்கும் காரணம் புரியும்.

ஊசியில் இருப்பது மருந்து அல்ல. நோயைக் கொடுக்க முடியாத நிலையில் உள்ள கிருமி, அல்லது கிருமியின் ஒரு துண்டு, அல்லது அது கக்கும் நஞ்சைச் செயலிழக்கச் செய்து எடுத்த பொருள். தசைக்குள் போனதும் அங்குள்ள காவல் அணுக்கள் அதைத் தின்று, பக்கத்து நிணநீர்க் கணுவுக்குத் தூக்கிச் செல்கின்றன. அங்கே பல லட்சம் வகையான 'பி' அணுக்கள் காத்திருக்கும். ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு உருவத்தை மட்டும்தான் பிடிக்கும். வந்த துண்டு எந்த அணுவுக்குப் பொருந்துகிறதோ அது மட்டும் பெருகத் தொடங்குகிறது. பெருகும்போது சிறுசிறு மாற்றங்கள் வருகின்றன, இன்னும் இறுக்கமாகப் பிடிப்பவை தங்குகின்றன, மற்றவை சாகின்றன. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளக்கும்படி ஏறிவிடும். பிறகு அது மெல்லக் குறையும். ஆனால் கணுவுக்குள் நடக்கும் இந்தத் தேர்வு இன்னும் சில வாரங்களுக்கு நிற்பதில்லை. அதன் முடிவில் மிஞ்சுபவைதான் நினைவணுக்கள். உண்மையான கிருமி என்றைக்கு வந்தாலும் சில நாட்களிலேயே படை திரட்டுபவை இவை.

இந்தத் தேர்வு முடியும் முன்பே இரண்டாம் தவணையைப் போட்டால் என்ன ஆகும்? இரத்தத்தில் இன்னும் எதிர்ப்பொருள் நிறைய இருக்கும். புதிதாக வந்த சரக்கை அதுவே பிடித்து அப்புறப்படுத்திவிடும். நினைவணுக்களும் முதிர்ந்திருக்காது. ஊசி போட்ட கணக்கு அட்டையில் இருக்கும், பலன் பாதிதான் உடம்பில் இருக்கும். ஆகவே இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது 28 நாள். தாமதமாக வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. நினைவணுக்கள் எங்கும் ஓடிவிடுவதில்லை. ஐந்து மாதம் கழித்து இரண்டாம் தவணை போட்டாலும் அவை எழுந்து வேலை செய்யும். அதனால்தான் விட்டுப்போன குழந்தைக்கு முதலிலிருந்து தொடங்குவதில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறார்கள். தாமதத்தின் ஆபத்து வேறு: அந்த இடைவெளியில் குழந்தை பாதுகாப்பில்லாமல் கிடக்கிறது.

முதல் தவணைக்கு 6 வாரம் என்ற கணக்கு ஒரு பேரம். உடம்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாகப் படிக்கும். அந்தக் கோணத்தில் பார்த்தால் காத்திருப்பது நல்லது. இலங்கையில் பென்டாவேலன்ட் எனும் ஐந்து நோய்த் தடுப்பூசி 2, 4, 6 மாதங்களில்தான். ஆனால் கக்குவான் இருமல் காத்திருக்காது. அது கொல்வது பெரும்பாலும் சில மாதக் குழந்தைகளைத்தான். கைக்குழந்தைக்கு இருமி மூச்சை இழுக்கும்போது வரும் அந்த 'ஊப்' சத்தம்கூட வராது, மூச்சு நின்று உடம்பு நீலமாகிவிடும். நோய் சீக்கிரம் தாக்கும் நாட்டில், உடம்பு ஓரளவாவது படிக்கக்கூடிய மிக இளைய வயதில் தொடங்கி, 6, 10, 14 வாரம் என நெருக்கமாக மூன்று தவணை போட்டுவிடுகிறார்கள். ஊர்ப்பேச்சில் ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி.

ஒரு சின்னக் கணக்கு. 42 ஏழால் வகுபடும் என்பதால், குழந்தை பிறந்த கிழமையிலேயே 42-ஆம் நாள் வரும். ஊசி புதன்கிழமை மட்டும் என்ற இடத்தில், புதனில் பிறந்த குழந்தைக்குச் சரியாக 42-ஆம் நாள் கிடைக்கும். வியாழனில் பிறந்த குழந்தைக்கு ஒரு புதன் 41-ஆம் நாளில் வரும், அடுத்தது 48-இல். மேலே சொன்ன அம்மாவின் குழந்தை வியாழக்கிழமைப் பிள்ளை. அவர் 48-ஆம் நாள் வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

பென்டாவேலன்ட் என்பது ஒரே ஊசியில் ஐந்து: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஒரு கிருமி). 0.5 மி.லி., இடது தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில். புட்டத்தில் போடுவதில்லை. அங்கே கொழுப்பு அதிகம், போதாக்குறைக்குக் காலுக்குப் போகும் பெரிய நரம்பும் அந்த வழிதான். இந்த ஐந்தும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ரண ஜன்னியின் பகுதி கிருமியைத் தொடுவதே இல்லை, அதன் நஞ்சை மட்டும் எதிர்க்கிறது. கிருமி மண்ணிலும் சாணத்திலும் எப்போதும் இருக்கும். ஆகவே ஊரில் எல்லோரும் போட்டுக்கொண்டால் நமக்கும் வராது என்ற கணக்கு இதற்குச் செல்லாது. போட்டவருக்கு மட்டும்தான் காப்பு. இன்னொரு விநோதம், ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்கும் ஊசி போட வேண்டும். ஆளைச் சாய்க்கப் போதுமான அந்த நஞ்சின் அளவு, உடம்புக்குப் பாடம் சொல்லப் போதாது.

ஹிப் பகுதி இன்னும் சுவாரசியம். அந்தக் கிருமிக்குச் சர்க்கரைப் பொருளாலான ஒரு போர்வை உண்டு. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் உடம்பு வெறும் சர்க்கரையை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளாது. நினைவை உருவாக்க 'டி' அணுக்களின் துணை வேண்டும், அவை புரதத்தைத்தான் பார்க்கும். எனவே அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு ஒட்டிக் கொடுக்கிறார்கள். புரதத்தைப் பார்த்து ஓடிவரும் உதவிப்படை, கூடவே சர்க்கரைக்கும் பாடம் எழுதிவிட்டுப் போகிறது. நிமோனியாவுக்கான பிசிவி ஊசியிலும் இதே உத்தி. அது 6 வாரம், 14 வாரம், பிறகு 9 மாதத்தில் ஊக்கத் தவணை.

பிறந்த அன்றே போடுபவற்றுக்குக் காரணம் வேறு. ஹெபடைட்டிஸ் பி முதல் தவணை 24 மணி நேரத்துக்குள். தாயிடமிருந்து பிரசவத்தின்போதே கிருமி தாவியிருக்கலாம். இங்கே ஊசிக்கும் கிருமிக்கும் ஓட்டப் பந்தயம். கிருமி மெதுவாக வளர்வது என்பதால் ஊசி முந்திக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, தாமதமானால் அது கைவிட்டுப் போகும். பெரியவர்களில் இந்தத் தொற்று வந்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிரந்தரமாகத் தங்கும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பதுக்குத் தங்கிவிடும், பின்னாளில் அவர்களில் சிலருக்கு ஈரல் சுருங்கியோ புற்றாகியோ வெளியே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தது, தீபாவளி விடுமுறை என்ற காரணங்களுக்கு இதில் இடமில்லை.

காசநோய்க்கான பிசிஜி ஊசியும் பிறந்தவுடன், இடது மேற்கையில், தோலுக்குள். ஒரு மாதம் வரை 0.05 மி.லி., அதற்கு மேல் 0.1 மி.லி. இதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களை இது காப்பதில்லை. அதை உலகத்துக்குக் காட்டியதே 1968-இல் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வுதான். பிறகு ஏன் போடுகிறோம்? சிறு குழந்தைகளில் காசநோய் மூளை உறையைத் தாக்குவதையும் உடம்பு முழுக்கப் பரவுவதையும் இது நன்றாகத் தடுக்கிறது. அந்த இரண்டும்தான் பிஞ்சுகளைக் கொல்பவை.

இனி 9 மாதம். எம்ஆர் ஊசி, அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து. இதை ஆறாம் வாரத்திலேயே போட்டால் என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி. இது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். குழந்தையின் உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் பாடம் பதியும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் தன் எதிர்ப்பொருளைத் தொப்புள்கொடி வழியே தாராளமாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அது குழந்தையின் இரத்தத்தில் இருக்கும்வரை ஊசியின் வைரஸையும் பெருகவிடாது. தாயின் காப்பு கரையும்வரை காத்திருக்க வேண்டும், முழுதும் கரைந்து கிருமி முந்திக்கொள்ளும் அளவுக்குக் காத்திருக்கவும் கூடாது. 9 மாதத்தில் போட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒரு வயதில் போட்டால் 95-க்குப் பிடிக்கும். அந்த மூன்று மாதத்தில் நோய் வரும் ஆபத்தையும் இந்தப் பத்துப் பேரையும் தராசில் வைத்து 9 மாதம் என்று முடிவு செய்தார்கள். பிடிக்காமல் போன மிச்சம் பேருக்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னிக்கான ஊசி) ஊக்கத் தவணை போல மங்கியதைத் துலக்குவது இதன் முக்கிய வேலை அல்ல, முதல் முறை தப்பியவர்களைப் பிடிப்பது. எந்தக் குழந்தைக்குப் பிடித்தது என்று வெளியே தெரியாததால் எல்லோருக்கும் போடுகிறார்கள். "ஒண்ணு போட்டாச்சே, போதாதா" என்று கேட்டு நின்றுவிடும் பெற்றோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

தட்டம்மைக்கு மட்டும் ஊரில் 95 சதவீதம் பேர் என்ற பிடிவாதம் ஏன் என்றால், அது பரவும் வேகம் அப்படி. நோயாளி எழுந்துபோன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் மிதக்கும். காப்பே இல்லாத கூட்டத்தில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். அதைவிட மோசமான குணம் ஒன்று உண்டு: முன்பு சம்பாதித்த நினைவணுக்களை அது அழிக்கும். அம்மை இறங்கிய பிறகு பல மாதம் வரை குழந்தை வேறு நோய்களுக்கு இலக்காவது இதனால்தான். "அம்மை வந்து போனா உடம்பு தேறும்" என்ற நம்பிக்கை இந்த நோயைப் பொறுத்தவரை நேர்மாறானது.

கணக்கில் இன்னொரு குழப்பமும் வரும். 9 மாதம் என்றால் 9 மாதம் முடிந்து. நம் வழக்கப்படி "ஒன்பதாம் மாதம் நடக்குது" என்று எட்டு முடிந்தவுடன் கூட்டிவந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

போலியோவுக்கு வாயில் இரண்டு சொட்டும் போட்டு, ஊசியும் போடுவதைப் பார்த்து இரட்டிப்பு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. சொட்டு மருந்து குடலின் உட்சுவரில் காவல் வைக்கிறது, கிருமி அங்கே குடியேறி அடுத்தவருக்குப் பரவுவதைத் தடுக்கிறது. ஊசி இரத்தத்தில் காவல் வைக்கிறது, நரம்புக்குப் போவதைத் தடுக்கிறது. 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை நீக்கப்பட்டதால், அந்த வகைக்கு இப்போது ஊசி மட்டுமே காப்பு. ஊசியின் அளவு 0.1 மி.லி.தான், முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு. தோலுக்குள் காவல் அணுக்கள் நெருக்கமாக இருப்பதால் இந்தச் சிறிய அளவு போதும். ஆனால் அது தோலுக்குள்தான் போக வேண்டும், ஆழமாக இறங்கினால் பலன் குறையும். போட்ட இடத்தில் கொசுக்கடி போலச் சிறு மேடு எழும்பினால் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று முறை.

காய்ச்சலைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. பெற்றோர் அடுத்த தவணைக்கு வராமல் போவதற்கு அது ஒரு பெரிய காரணம். பின்விளைவு எந்த நாளில் வருகிறது என்பதை வைத்தே எந்த ஊசியால் வந்தது என்று சொல்லிவிடலாம். பென்டாவேலன்ட் போட்டால் அன்று மாலையோ மறுநாளோ காய்ச்சல், தொடையில் வீக்கம். உயிரற்ற சரக்கு என்பதால் உடம்பு உடனே எதிர்வினை காட்டி இரண்டு நாளில் அடங்கிவிடுகிறது. எம்ஆர் போட்டால் பொதுவாக அன்று ஒன்றும் இருக்காது, 7 முதல் 12 நாள் கழித்து லேசான காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் வரலாம். வைரஸ் பெருக எடுத்துக்கொள்ளும் காலம் அது. எம்ஆர் போட்ட மறுநாள் அதிகக் காய்ச்சல் என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். பிசிஜி போட்ட இடத்தில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். அதில் மஞ்சள், எண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம். தழும்பே வராமல் போனாலும் மறுபடி போடுவதில்லை.

பாராசிட்டமால் கொடுப்பதில் நடக்கும் தவறு பெரியது. கிலோவுக்கு 15 மி.கி. என்று வைத்தால் 5 கிலோ குழந்தைக்கு 75 மி.கி. கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், ஆக 0.75 மி.லி. போதும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றால் 3 மி.லி. கொடுக்க வேண்டும். சிரப்பின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் 3 மி.லி. கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். 250 மி.கி. சிரப்பும் உண்டு. பாட்டிலைப் படித்துவிட்டு, செவிலியரிடம் குழந்தையின் எடையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம் விடுங்கள். காய்ச்சல் வருமுன்பே முன்னெச்சரிக்கையாகக் கொடுக்க வேண்டாம், அப்படிக் கொடுத்த குழந்தைகளில் சில தடுப்பூசிகளுக்கு எதிர்ப்பொருள் குறைந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. வீங்கிய தொடையில் குளிர்ந்த ஈரத்துணி போதும், தேய்க்கக் கூடாது. பட்டாணி அளவு கட்டி சில வாரம் இருந்தாலும் தானே கரையும். மூன்று மணி நேரம் அடங்காத அழுகை, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சல் ஆகியவற்றுக்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது கடுமையான ஒவ்வாமைக்காக. அது மிக அரிது, ஆனால் வந்தால் நிமிடங்களில் வரும், அதை அடக்கும் அட்ரினலின் மருந்து கையில் உள்ள இடத்தில் இருப்பது உயிரைக் காக்கும்.

தனியாரில் 'வலியில்லா ஊசி' என்று விற்கப்படுவது, கக்குவான் கிருமியை முழுதாகச் சேர்க்காமல் சில புரதங்களை மட்டும் சேர்த்தது. காய்ச்சல் குறைவு என்பது உண்மை. காப்பும் சீக்கிரம் மங்குகிறது என்பதும் உண்மைதான், அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இரண்டில் ஒன்று என்றால், ஒரு இரவு காய்ச்சலைத் தாங்கிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

எல்லாத் தேதியும் சரியாக இருந்தும் ஊசி வீணாகும் வழி ஒன்று உண்டு, அது குளிர். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்றதும், நம் ஊர் வெயிலில் எல்லோரும் பயப்படுவது சூட்டுக்கு. போலியோ சொட்டு மருந்துக்கு அந்தப் பயம் நியாயம், சூட்டில் முதலில் கெடுவது அதுதான். ஆனால் பென்டாவேலன்ட், டிபிடி, டிடி (தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்குமான ஊசி), பிசிவி எல்லாவற்றிலும் அலுமினிய உப்பு இருக்கிறது. சரக்கைப் பிடித்து வைத்துக் காவல் அணுக்களை உசுப்புவது அதன் வேலை. உறைந்தால் அந்தக் கட்டமைப்பு உடைந்து திரிதிரியாகிவிடும், உருகினாலும் பழைய நிலைக்கு வராது. புட்டியின் மேலுள்ள வெப்பக் குறியீடு சூடு பட்டதை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் (ஊசி மருந்தை எடுத்துச் செல்லும் பெட்டி) அடுக்கினால் ஓரத்துப் புட்டிகள் உறைந்துவிடும். வெளியே வைத்து, வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகே நாலு பேக்கையும் அடுக்க வேண்டும். சில சின்னக் கிளினிக்குகளில் வீட்டு ஃபிரிட்ஜில் குளிர்பான பாட்டில்களோடு ஊசி மருந்தையும் வைத்திருப்பதைப் பார்த்தால் அங்கே போட்டுக்கொள்ளாமல் வந்துவிடலாம்.

பெற்றோர் தாங்களே பார்க்கக்கூடியவை இரண்டு. ஒன்று அந்தக் குறியீடு: வட்டத்துக்குள் சதுரம், சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருக்கும்வரை நல்லது, இரண்டும் ஒரே நிறமானால் தூக்கிப்போட வேண்டியது. இன்னொன்று எம்ஆர், பிசிஜி புட்டிகளின் மேல் எழுதிய நேரம். இவை பொடியாக வந்து, கூடவே வரும் நீரில் கரைக்கப்படுபவை. கிருமி வளராமல் காக்கும் மருந்து இவற்றில் இல்லை. கரைத்த 4 மணி நேரத்தில் மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். தாண்டினால் உள்ளே ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்து, போட்ட குழந்தைக்குச் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிர்ச்சி என்று போய் உயிரே போகலாம். எம்ஆர் புட்டியைக் காலை பத்து மணிக்குக் கரைத்திருந்தால் இரண்டு மணிக்கு மேல் போகும் குழந்தைக்குப் புதுப் புட்டி திறக்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பில்லை.

சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குறைமாதத்தில் பிறந்தது ஆகிய எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமல்ல. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. முந்தைய தவணைக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, நோய் எதிர்ப்பு சக்தியே இல்லாத பிறவிக் கோளாறு இருந்தாலோ மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளிக்குப் போன பிறகுதான் அட்டை மறக்கப்படுகிறது. 5 முதல் 6 வயதில் டிபிடி இரண்டாம் ஊக்கத் தவணை, 10-இலும் 16-இலும் டிடி. தொண்டை அடைப்பானுக்கான காப்பு ஆண்டுகள் போகப் போகத் தேயும், கைக்குழந்தையில் போட்ட மூன்று தவணை கல்லூரி வரை வராது. 7 வயதுக்கு மேல் டிபிடி இல்லை, அதனால்தான் தொண்டை அடைப்பான் பங்கு குறைக்கப்பட்ட டிடிக்கு மாறுகிறார்கள். அட்டை தொலைந்துவிட்டால் முதலில் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டையும் 'யு-வின்' (U-WIN) என்ற அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிசிஜிக்குக் கையில் தழும்பு சாட்சி. வேறெதற்கும் சான்று கிடைக்காவிட்டால், போடாததாகவே எடுத்துக்கொண்டு வயதுக்குரியதைப் போடுவார்கள். ஏற்கெனவே போட்டிருந்து இன்னொரு தவணை கூடிப்போனாலும் கை கொஞ்சம் கூடுதலாக வலிக்கும், அவ்வளவுதான்.